லினக்ஸ் போட்டாயிற்று, முதலில் எதைத் தொடுவது?

கேள்வி: பேருந்து நிலையம் எதிரே ஜெராக்ஸ், டைப்பிங் கடை வைத்திருக்கிறேன். கணினி 2016இல் வாங்கியது. 8 ஜிபி ரேம், ஹார்ட் டிஸ்க் 1 டிபி. விண்டோஸ் 11 இதில் ஏறாது என்று சொல்லிவிட்டார்கள். தீபாவளிக்கு வந்த அக்கா மகன் பழைய விண்டோஸ் 10ஐ அப்படியே வைத்துவிட்டு, பக்கத்திலேயே லினக்ஸ் மின்ட் 22.2 சின்னமன் என்ற இயங்குதளத்தையும் போட்டுக் கொடுத்துவிட்டு பெங்களூருக்குக் கிளம்பிவிட்டான். 'போட்டதும் செய்ய வேண்டிய இருபது வேலைகள்' என்று வீடியோக்களில் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். எதைத் தொடுவது, எதை விடுவது என்று புரியவில்லை. லேசர்ஜெட் 1020 பிரிண்டரின் பெயர் திரையில் வருகிறது, பேப்பர் வரவில்லை. பழைய தமிழ் ஃபைல்கள் ஆங்கில எழுத்தாகத் தெரிகின்றன. விண்டோஸுக்குப் போனால் மணி ஐந்தரை மணி நேரம் பின்னால் நிற்கிறது. டி டிரைவில் எதையும் சேமிக்க முடியவில்லை. ஆன்டி வைரஸ் எதைப் போடலாம்? கடை ஓட வேண்டும் சார்.
(ஒரு வாசகி, விழுப்புரம் மாவட்டம்)

பதில்:

அன்புச் சகோதரிக்கு வணக்கம்.

'கடை ஓட வேண்டும் சார்' என்று முடித்திருக்கிறீர்கள். நான் அங்கிருந்தே தொடங்குகிறேன். வீடியோக்களில் சொல்லும் இருபது வேலைகளில் முக்கால்வாசி, பொழுது இருப்பவர்களுக்கானவை. நிறம் மாற்றுவது, ஐகான் மாற்றுவது, திரையின் மூலையில் கடிகாரத்தை மிதக்கவிடுவது எல்லாம் ஞாயிற்றுக்கிழமை வேலை. வாசலில் ஆள் காத்திருக்கும் கடையில் முதல் வாரம் இரண்டே விஷயங்களைப் பாருங்கள். எது தவறிப்போனாலும் நேற்று இருந்த நிலைக்குத் திரும்பி வர ஒரு வழி வேண்டும். அப்புறம், நீங்கள் காசு வாங்கிச் செய்யும் வேலை ஒவ்வொன்றும் இதில் நடக்கிறதா என்று ஒருமுறை நடத்திப் பார்க்க வேண்டும். இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

இருபது வருடமாகச் சிறிய கடைகளுக்கும் அலுவலகங்களுக்கும் லினக்ஸ் போட்டுக் கொடுத்துப் பராமரித்து வருகிறேன். ஒரே மாதத்தில் 'வேண்டாம், பழையதையே போட்டுக் கொடுங்கள்' என்று வந்தவர்கள் உண்டு. அவர்களில் பலருக்கும் நடந்தது ஒன்றுதான். முதல் நாளே பத்து இடத்தில் கை வைத்திருப்பார்கள். பதினோராவது நாள் ஏதோ ஒன்று ஓடாது. எந்த இடத்தில் வைத்த கை அதற்குக் காரணம் என்று அவர்களாலும் சொல்ல முடியாது, என்னாலும் சொல்ல முடியாது.

அதனால் கணினியைத் தொடுவதற்கு முன் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, நூல் கோத்து, மேசைப் பக்கத்தில் தொங்கவிடுங்கள். என்ன மாற்றினீர்கள், எந்தத் தேதியில், எந்த மெனுவுக்குள் போய் என்று ஒரு வரி எழுதுங்கள். 'நவம்பர் 3, தமிழ் அடிக்க ஐபஸ் போட்டேன்' என்ற அளவு போதும். நாளைக்கு அக்கா மகனுக்குப் போன் செய்யும்போது அந்த நோட்டுதான் உங்களுக்காகப் பேசும். இன்னொன்று, மின்ட் போடுவதற்கு அவர் பயன்படுத்திய பென்டிரைவ் உங்களிடம் இருந்தால் அதை அழித்துவிடாதீர்கள். பெயர் எழுதி ஒட்டி, கல்லாப் பெட்டிக்குள் வையுங்கள். கணினியே எழுந்திருக்காத நாளில் அந்தப் பென்டிரைவிலிருந்து எழுப்பி, இயங்குதளத்தைப் பழையபடி மீட்க முடியும்.

சரி, இப்போது கணினிக்கு வருவோம். மின்ட்டில் நுழைந்ததும் 'வெல்கம்' என்று ஒரு சாளரம் வரும். அதில் 'ஃபர்ஸ்ட் ஸ்டெப்ஸ்' என்ற பகுதியைத் திறந்தால் நிறம், டிரைவர், அப்டேட், ஃபயர்வால் என்று வரிசையாக இருக்கும். அவற்றில் முதலில் 'சிஸ்டம் ஸ்னாப்ஷாட்ஸ்' என்பதைத் திறங்கள். திறப்பது டைம்ஷிப்ட் என்ற நிரல், இயங்குதளம் இன்று இருக்கும் நிலையைப் படம் பிடித்தது போல நகலெடுத்து வைப்பது. ஆர்சிங்க் என்ற முறையைத் தேர்ந்தெடுங்கள். எங்கே சேமிப்பது என்று கேட்டு ஒரு பட்டியல் காட்டும். லினக்ஸின் கோப்பு முறையில் இருக்கும் பகிர்வுகளை, அதாவது ஹார்ட் டிஸ்க்கைப் பிரித்து வைத்திருக்கும் பகுதிகளைத்தான், அது ஏற்கும். உங்கள் டி டிரைவ் விண்டோஸ் முறையில் இருப்பதால் அதை எதிர்பார்க்காதீர்கள். மின்ட் இருக்கும் பகிர்வையே கொடுங்கள். தினம் ஒன்று, அதில் கடைசி இரண்டை மட்டும் வைத்துக்கொள் என்று சொல்லிவிடுங்கள். முதல் படம் எடுக்க நேரமும் இடமும் நிறையப் பிடிக்கும், ஏனென்றால் இயங்குதளம் முழுவதையும் நகலெடுக்கிறது. அடுத்தடுத்த படங்களில் மாறிய கோப்புகள் மட்டுமே சேர்வதால் அவ்வளவு ஆகாது. ஹார்ட் டிஸ்க் என்பதால் பொறுமையாக இருங்கள், கடை மூடும் நேரத்தில் ஓடவிட்டுவிட்டுக் கணக்கு எழுதுங்கள்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டியிருக்கிறது. டைம்ஷிப்ட் இயங்குதளத்தைத்தான் படம் பிடிக்கிறது. உங்கள் கோப்புகள் இருக்கும் 'ஹோம்' கோப்புறையை, நாமாகச் சொன்னால் ஒழிய, அது விட்டுவிடும். அப்படி வைத்ததற்கு நல்ல காரணம் உண்டு. போன வாரத்து நிலைக்கு இயங்குதளத்தைத் திருப்பும்போது, இந்த வாரம் நீங்கள் அடித்த பத்திரங்களும் போன வாரத்துக்குத் திரும்பிவிடக் கூடாது அல்லவா? ஆனால் இதைப் புரிந்துகொள்ளாமல் 'பேக்கப் ஓடுகிறது' என்று நம்பியிருப்பவர்கள் ஏராளம். நானே ஒரு சிறிய அச்சகத்தில் அந்தத் தவறைச் செய்தேன். டைம்ஷிப்ட் போட்டுக் கொடுத்துவிட்டு, 'பேக்கப் இருக்கிறது, கவலைப்படாதீர்கள்' என்று சொல்லிவிட்டு வந்தேன். ஒன்றரை வருடம் கழித்து ஹார்ட் டிஸ்க் போய்விட்டது. படங்கள் அதே டிஸ்க்கில் இருந்தன, அவற்றோடு போயின. கோப்புகளின் நகல் எங்கேயும் இல்லை. மூன்று வருடத்துக் கல்யாணப் பத்திரிகை மாதிரிகள் போயின. அந்த அச்சகத்து அண்ணன் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. அது இன்னும் உறுத்துகிறது.

ஆகவே வெளியில் தனியாக ஒரு ஹார்ட் டிஸ்க் வாங்குங்கள். பிரிண்டர், அப்டேட் எல்லாவற்றுக்கும் முன்னால் இந்தச் செலவைச் செய்யுங்கள். வாரம் ஒருமுறை, வெள்ளிக்கிழமை கடை பூஜை முடிந்ததும் என்று ஒரு நேரம் வைத்துக்கொண்டு, உங்கள் கோப்புறைகளை அதில் நகலெடுங்கள். மின்ட்டில் 'பேக்கப் டூல்' என்று ஒன்று இருக்கிறது, அதுவும் இதைச் செய்யும். எழுதி முடித்ததும் டிஸ்க்கைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோங்கள். மின்னல் அடித்தாலும், கடைக்குள் தண்ணீர் வந்தாலும் அது தப்பிக்க வேண்டும்.

திரும்பி வர வழி போட்டாயிற்று. இனி அப்டேட். கீழே வலது மூலையில் கேடயம் போல ஒரு படம் இருக்கும். அதை அழுத்தினால் முதல் தடவை, பக்கத்தில் இருக்கும் சேவையகத்துக்கு மாறிக்கொள்ளட்டுமா என்று கேட்கும். மாற்றிக்கொள்ளுங்கள், பதிவிறக்கம் வேகமாகும். முதல் அப்டேட் பெரியது, பல நூறு எம்பி வரும். போன் டேட்டாவை நம்பியிருந்தால் இரவில் டேட்டா மிச்சமிருக்கும் நேரம் பார்த்துப் போடுங்கள். இதில் எனக்குப் பிடித்த ஒரு விஷயம் உண்டு. ஆள் நிற்கும்போது கணினி தானாக அணைந்து 'அப்டேட் 30 விழுக்காடு' என்று நிற்காது. எப்போது போடுவது, எப்போது அணைத்துப் போடுவது என்பது உங்கள் கையில். ஆனால் அந்தச் சலுகையை நம்பி மாதக்கணக்கில் தள்ளிப்போடக் கூடாது. வாரம் ஒருமுறை போட்டுவிடுங்கள். மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை பாதுகாப்பு அப்டேட்கள் வரும். அதுவரை இந்தக் கணினிக்கு வேலை இருக்கிறது.

டிரைவர், அதாவது கணினியின் பாகங்களை இயக்கும் சிறு நிரல், பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. திரையும் வைஃபையும் ஒழுங்காக வேலை செய்தால் 'டிரைவர் மேனேஜர்' பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு வந்துவிடுங்கள். வைஃபை கிடைக்காதவர்கள் போனை யுஎஸ்பி வயரில் இணைத்து, போனில் 'யுஎஸ்பி டெதரிங்' போட்டால் இணையம் வந்துவிடும். அதை வைத்துக்கொண்டு வைஃபை டிரைவரை இறக்கலாம்.

பிரிண்டர் விஷயம் உங்களுக்குத் தலைவலியாக இருக்கும், புரிகிறது. லேசர்ஜெட் 1020 தன்னை இயக்கும் உள் நிரலான ஃபர்ம்வேரைத் தனக்குள் நிரந்தரமாக வைத்திருப்பதில்லை. ஒவ்வொரு முறை சுவிட்ச் போடும்போதும் கணினிதான் அதை அனுப்ப வேண்டும். விண்டோஸில் டிரைவர் அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தது. மின்ட்டில் அச்சிடும் டிரைவர் ஏற்கெனவே இருக்கிறது, அதனால்தான் பிரிண்டரின் பெயர் தெரிகிறது. ஃபர்ம்வேர் மட்டும் உரிமக் காரணத்தால் கூடவே வருவதில்லை. ஆள் வந்துவிட்டார், சாப்பாடு வரவில்லை என்பது மாதிரி.

மெனுவில் 'சினாப்டிக்' என்று தேடித் திறங்கள், நிரல்களை நிறுவும் கருவி அது. அதில் எச்பிலிப் (எச்பி பிரிண்டர்களுக்கான மென்பொருள்) என்று தேடினால் வரும் பட்டியலில் பெயரின் கடைசியில் ஜியுஐ என்று முடிவதைக் குறித்து நிறுவுங்கள். ஏற்கெனவே 'பிரிண்டர்ஸ்' பகுதியில் இருக்கும் 1020ஐ நீக்கிவிடுங்கள். பிறகு மெனுவில் எச்பி என்று அடித்தால் வரும் கருவியைத் திறந்து, அதிலிருந்து பிரிண்டரைப் புதிதாகச் சேருங்கள். நடுவில் 'பிளக்இன் தேவை, இறக்கட்டுமா' என்று கேட்கும். ஆம் என்று சொல்லி, உரிமத்தை ஏற்றுக்கொள்ளுங்கள். அந்தப் பிளக்இன்னில்தான் ஃபர்ம்வேர் இருக்கிறது. முடிந்ததும், கணினி ஓடிக்கொண்டிருக்கும்போதே பிரிண்டரின் சுவிட்சை அணைத்து, பத்து எண்ணிவிட்டுத் திரும்பப் போட்டு, சோதனைப் பக்கம் ஒன்று எடுங்கள். பின்னால் எச்பிலிப்பின் புதிய பதிப்பு அப்டேட்டில் வந்தால் பிளக்இன்னும் அதற்குப் பொருத்தமான பதிப்பாக இருக்க வேண்டும். என்றாவது ஒரு நாள் அப்டேட் போட்ட மறுநாள் பிரிண்டர் மௌனமானால் இதே வேலையை இன்னொரு முறை செய்யுங்கள். நோட்டில் எழுதி வையுங்கள், அந்த நாள் வரும்.

ஜெராக்ஸ் கடைக்காரர்கள் பலர் கேனன் எல்பிபி 2900 வைத்திருப்பார்கள், அவர்களுக்கும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அந்தப் பிரிண்டர் கேப்ட் என்ற தனி மொழியில் பேசுவது. லினக்ஸில் அதை ஓட வைக்கலாம், ஆனால் முதல் வாரத்தில் தனியாக இறங்க வேண்டிய வேலை கிடையாது. அனுபவம் உள்ள ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

அடுத்தது தமிழ். உங்கள் பழைய ஃபைல்கள் கெட்டுப்போகவில்லை, பயப்படாதீர்கள். அவை பாமினி எழுத்துருவில் அடித்தவையாக இருக்க வேண்டும். பாமினியில் நீங்கள் 'அம்மா' என்று அடித்தபோது கணினி பதிந்துவைத்தது ஆங்கிலச் சிறிய எழுத்துகள் எம், கே, ஒரு அரைப்புள்ளி, மறுபடி கே, எச் என்ற ஐந்தைத்தான். அவற்றைத் தமிழாகக் காட்டியது எழுத்துரு. எழுத்துரு இல்லாத கணினியில் உள்ளே இருப்பது உள்ளபடி தெரிகிறது. விண்டோஸ் பக்கம் போய், எழுத்துருக்கள் இருக்கும் இடத்திலிருந்து நீங்கள் பயன்படுத்தும் தமிழ் எழுத்துருக் கோப்புகளைப் பென்டிரைவில் எடுத்துக்கொள்ளுங்கள். மின்ட்டுக்கு வந்து, உங்கள் ஹோம் கோப்புறையில் கன்ட்ரோல், எச் இரண்டையும் சேர்த்து அழுத்தினால் மறைந்திருக்கும் கோப்புறைகள் தெரியும். அங்கே, முதலில் ஒரு புள்ளி வைத்து 'ஃபாண்ட்ஸ்' என்று ஆங்கிலச் சிறிய எழுத்தில் ஒரு கோப்புறை உருவாக்கி, அதற்குள் போட்டுவிடுங்கள். மின்ட்டில் வேர்டுக்குப் பதிலாக இருக்கும் லிப்ரே ஆபிசை மூடித் திறந்தால் பழைய ஃபைல் தமிழாகத் தெரியும்.

பாமினியிலேயே தொடர்ந்து அடிக்கலாம், விண்டோஸில் அடித்தது போலவே வரும். ஆனால் ஒன்று கவனிக்க வேண்டும். லிப்ரே ஆபிசுக்கு நீங்கள் அடிப்பது ஆங்கிலம் என்றுதான் தெரியும். வாக்கியத்தின் முதல் எழுத்தைத் தானாகப் பெரிய எழுத்தாக மாற்றிவிடும். பாமினியில் சிறிய எழுத்து ஒரு தமிழ் எழுத்து, பெரிய எழுத்து வேறொரு தமிழ் எழுத்து. வாடிக்கையாளரின் பெயரே மாறிப்போகும். பத்திரத்தில் அப்படி ஒரு பிழை போனால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 'டூல்ஸ்' மெனுவில் 'ஆட்டோகரெக்ட் ஆப்ஷன்ஸ்' போய், பெரிய எழுத்து தொடர்பான இரண்டு வரிகளிலும் இருக்கும் டிக்கை எடுத்துவிடுங்கள். பிரிண்டருக்கு முன்னாலேயே இதைச் செய்யலாம், தப்பில்லை.

புதிதாக அடிப்பவற்றை மெல்ல யுனிகோடுக்கு, அதாவது தமிழைத் தமிழாகவே பதியும் முறைக்கு, மாற்றிக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். அரசு இணையதள விண்ணப்பங்கள், மின்னஞ்சல், வாட்ஸ்அப் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. சினாப்டிக்கிலேயே ஐபஸ், ஐபஸ் எம்17என் என்ற இரண்டையும் நிறுவி, மெனுவில் 'இன்புட் மெதட்' திறந்து ஐபஸைத் தேர்ந்தெடுத்து, வெளியேறி உள்ளே வாருங்கள். ஐபஸ் விருப்பங்களில் தமிழ் என்று சேர்க்கும்போது தமிழ்99, டைப்ரைட்டர், ஃபொனெடிக், இன்ஸ்கிரிப்ட் என்று வரிசையாக வரும். தட்டச்சு நிலையத்தில் பழகி ஹையர் முடித்த விரல் என்றால் டைப்ரைட்டரை எடுங்கள். 'கற்கத் தயார்' என்றால் தமிழ்99. 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டைத் தொடர்ந்து வந்த விசைப்பலகை அது. உயிர் இடது கையிலும் மெய் வலது கையிலும் பிரிந்து இருப்பதால் ஒரு மாதத்தில் கை பழகிவிடும். விண்டோஸ் விசையும் ஸ்பேஸ் பாரும் சேர்த்து அழுத்தினால் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் மாறலாம்.

வாடிக்கையாளர்கள் கொண்டுவரும் வேர்ட் ஃபைல்களுக்கு ஒரு சின்ன ஏற்பாடு. கேலிப்ரி எழுத்துருவில் செய்த பயோடேட்டா ஒரு பக்கத்திலிருந்து ஒன்றேகால் பக்கத்துக்கு ஓடினால், அந்த எழுத்துரு இங்கே இல்லை என்று அர்த்தம். அதே அகலத்தில் செய்த கார்லிட்டோவையும், கேம்ப்ரியாவுக்குப் பதிலான கலாடியாவையும் சினாப்டிக்கிலிருந்து போட்டுவிடுங்கள். முடிந்தவரை பிடிஎஃப் ஆகக் கேட்டு வாங்குங்கள், பக்கம் நகராது.

மணி பிரச்சினைக்கு வருவோம். மதர்போர்டில் ஒரு சிறிய கடிகாரம் ஓடுகிறது. அதில் உலகப் பொது நேரம் இருப்பதாக லினக்ஸ் எடுத்துக்கொள்கிறது. இந்திய நேரம் இருப்பதாக விண்டோஸ் எடுத்துக்கொள்கிறது. மின்ட் காலை பத்து மணிக்கு நேரத்தைச் சரிசெய்து கடிகாரத்தில் நாலரை என்று எழுதுகிறது. விண்டோஸ் எழுந்து பார்த்து, ஓ, மணி நாலரை என்று நம்புகிறது. ஐந்தரை மணி நேரக் கணக்கு அங்கிருந்து வருகிறது. கடிகார பேட்டரியை மாற்றிக் காசு செலவழிக்காதீர்கள். மதர்போர்டில் உள்ளூர் நேரத்தையே வைத்துக்கொள் என்று மின்ட்டிடம் சொல்ல டைம்டேட்சிடிஎல் என்ற கட்டளை இருக்கிறது. அக்கா மகனிடம் 'ஆர்டிசியை லோக்கல் டைமுக்கு மாற்றிக் கொடு' என்று சொன்னால் அவருக்குப் புரியும், ஒரு வரி வேலை. கோடைக்கு ஒரு மணி, குளிருக்கு ஒரு மணி என்று கடிகாரத்தை முன்பின் தள்ளும் நாடுகளில் இந்த முறையால் குழப்பம் வரும். நமக்கு அந்த வழக்கம் இல்லை என்பதால் தாராளமாகச் செய்யலாம்.

டி டிரைவில் எழுத முடியாததற்கும் விண்டோஸ்தான் காரணம். 'ஷட் டவுன்' கொடுத்தாலும் விண்டோஸ் 10 முழுக்கத் தூங்குவதில்லை. அடுத்த முறை சீக்கிரம் எழ வேண்டும் என்று பாதி வேலையை டிஸ்க்கில் எழுதிவைத்துவிட்டு, டிரைவைத் தன் கைப்பிடியிலேயே வைத்திருக்கும். அந்த நேரத்தில் நாம் எழுதினால் கோப்புகள் சிதையலாம் என்று மின்ட் ஜாக்கிரதையாக, படிக்க மட்டும் விடுகிறது. விண்டோஸில் கன்ட்ரோல் பேனல், பவர் ஆப்ஷன்ஸ் போய், பவர் பட்டன் என்ன செய்ய வேண்டும் என்ற பக்கத்தில் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' டிக்கை எடுத்துவிடுங்கள். அதற்கு நேரமில்லாத நாளில் விண்டோஸிலிருந்து 'ரீஸ்டார்ட்' கொடுத்து மின்ட்டுக்கு வாருங்கள். ரீஸ்டார்ட் ஆகும்போது முழுசாக மூடிவிட்டுத்தான் வரும்.

ஆன்டி வைரஸ் கேட்டிருந்தீர்கள். உங்கள் கணினிக்காக என்றால் இப்போதைக்கு வேண்டாம். ஃபயர்வாலை ஆன் செய்து, அப்டேட்களை ஒழுங்காகப் போட்டாலே நல்ல பாதுகாப்பு. ஆனால் உங்கள் கடைக்கு ஒரு நாளில் பல பென்டிரைவ்கள் வருகின்றன. விண்டோஸ் வைரஸ் மின்ட்டில் ஓடாது, அதனால் மின்ட்டுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் ஒருவர் பென்டிரைவிலிருந்து நீங்கள் நகலெடுத்த கோப்பு வழியாக இன்னொருவர் பென்டிரைவுக்கு அது பயணம் போகலாம். எடுத்த கோப்பை மட்டும் அச்சிட்டு, கோப்புறை கோப்புறையாக நகலெடுப்பதைத் தவிருங்கள். 'ஷார்ட்கட் வைரஸ்' பிடித்த பென்டிரைவை மின்ட்டில் போட்டால், போலி ஷார்ட்கட்களோடு, மறைத்து வைக்கப்பட்ட நிஜக் கோப்புகளும் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியும். சில சமயம் பெயரே இல்லாதது போல இருக்கும் ஒரு கோப்புறைக்குள் எல்லாம் பத்திரமாக இருக்கும். 'ஃபைல் எல்லாம் போயிடுச்சுக்கா' என்று கண் கலங்கி நிற்கும் கல்லூரிப் பிள்ளைக்கு அதை எடுத்துக் கொடுக்கலாம். ஊரில் உங்கள் கடைக்குப் பெயர் வரும்.

வைரஸைவிட நான் கவலைப்படுவது வேறு ஒன்றைப் பற்றி. உங்கள் டவுன்லோட்ஸ் கோப்புறையைத் திறந்து பாருங்கள். எத்தனை பேரின் ஆதார், சாதிச் சான்று, வங்கிப் புத்தகம் அங்கே கிடக்கிறது? மக்கள் வாட்ஸ்அப்பையும் மின்னஞ்சலையும் உங்கள் கணினியில் திறந்துவிட்டு, வெளியேறாமல் போய்விடுகிறார்கள். மின்ட்டில் இதற்கு நல்ல வழி இருக்கிறது. 'லாகின் விண்டோ' அமைப்பில் விருந்தினர் அமர்வை அனுமதிக்கலாம். வாடிக்கையாளர் வேலையை அந்த அமர்வில் செய்யுங்கள். வெளியேறியதும் அதில் திறந்தது, இறக்கியது எல்லாம் அழிந்துவிடும். அச்சிட்டுக் கொடுத்து, காசு வாங்கி, வெளியேறு என்று அழுத்துங்கள். நம்பி காகிதத்தைக் கொடுத்தவர்களுக்கு நாம் செய்ய வேண்டிய மரியாதை இது. இருபது வேலைகள் சொல்லும் எந்த வீடியோவிலும் இதை நான் பார்த்ததில்லை.

கட்டளைகள் பற்றிக் கண்டிப்பாக ஒரு வார்த்தை. வீடியோவில் பார்த்த வரியை டெர்மினலில் அப்படியே ஒட்டாதீர்கள். சூடோ என்று தொடங்கும் வரி, வீட்டுச் சாவிக்கொத்தை முழுசாக எடுத்து அந்த ஆளிடம் கொடுப்பது. அது என்ன செய்கிறது என்று உங்களுக்கோ, உங்களுக்குத் தெரிந்த ஒருவருக்கோ புரிந்த பிறகே என்டர் அழுத்துங்கள். ஏதாவது நிரல் வேண்டும் என்றால் முதலில் 'சாப்ட்வேர் மேனேஜர்' பாருங்கள். அங்கே இல்லாவிட்டால் அந்த நிரலைச் செய்தவர்களின் சொந்த இணையதளம். அதற்கு வெளியே வேண்டாம்.

கடிதத்தில் நீங்கள் கேட்காத ஒன்று: பேஜ்மேக்கர், கோரல்டிரா, டேலி இவற்றில் ஏதாவது கடையில் ஓடுகிறதா? ஓடினால் அவற்றை மின்ட்டில் ஓட்டப் போராடி முதல் மாதத்தை வீணாக்காதீர்கள். வைன் என்ற வழி இருக்கிறது, சிலருக்கு ஓடுகிறது. காசு வாங்கும் வேலைக்கு அதை நம்பச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த வேலைகளுக்குப் பழைய விண்டோஸையே திறங்கள். விண்டோஸ் 10க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட்கள் 2025 அக்டோபர் 14ஓடு முடிந்துவிட்டதால், அந்தப் பக்கம் போகும்போது இணையத்தைத் துண்டித்துவிடுங்கள். வங்கி, மின்னஞ்சல், விண்ணப்பம் எல்லாம் மின்ட்டில். டிசைன் வேலை மட்டும் விண்டோஸில். அக்கா மகன் விண்டோஸை அழிக்காமல் விட்டது நல்ல முடிவு. அவரிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

கையில் கொஞ்சம் பணம் சேர்ந்தால், அடுத்த முறை அவர் வரும்போது ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் ஒரு எஸ்எஸ்டி போடச் சொல்லுங்கள். 2016 கணினிக்கு இதைவிட நல்ல செலவு இல்லை. அதற்கு முன் பிளக்இன் போட்டும் 1020 பேசவில்லை என்றால், எச்பி கருவி கடைசியாகக் காட்டும் செய்தியைப் போனில் படம் எடுத்து அனுப்புங்கள். நோட்டில் அதுவரை எழுதிய பக்கத்தையும் சேர்த்தே எடுங்கள், அதைப் பார்த்துத்தான் நான் பதில் எழுத வேண்டியிருக்கும்.